சிவப்பு வெண்டைக்குத் துணிப்பை

எங்கள் மாடித் தோட்டத்தில் முதல் ஆடிப் பட்டத்தில் காய்த்த சிவப்பு வெண்டை கருஞ்சிவப்பாக, அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு காயை முற்றவிட்டு விதை எடுத்து வைத்தேன். மறு ஆண்டு முளைத்தவற்றில் பாதிச் செடிகளின் காய் வெளிறிப்போய், சிவப்பும் பச்சையும் கலந்து வந்தது. அந்த விதையைத் திரும்பப் போட்டதில் சில செடிகள் முழுப் பச்சையாகவே காய்த்தன. மனசு விட்டுப்போனது.

முதலில் மண்ணைச் சந்தேகப்பட்டு மண்புழு உரம் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. காரணம் பக்கத்துச் செடிப்பையில் இருந்த பச்சை வெண்டைதான். வெண்டைப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் தேனீ வந்தால் அடுத்த செடியின் மகரந்தமும் சேர்ந்துவிடும்.

புதிதாக விதை வாங்கினேன். வெண்டைப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டை முந்தின நாள் மாலையே பார்த்து, மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டினேன். பூ வாடியதும் பையைக் கழற்றி, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். (நூல் முக்கியம், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது சாம்பாருக்குப் பறித்துவிடுவார்கள்.) காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது விதை எடுத்தேன்.

இந்த ஆண்டு பன்னிரண்டு செடி, பன்னிரண்டும் சிவப்பு!

அப்புறம், வேகவைத்தால் இந்த நிறம் போய்ப் பச்சையாகிவிடும். பிஞ்சாகப் பறித்துப் பச்சடியில் வேகவைக்காமல் அப்படியே போடுங்கள்.