மாதிரிக் கார்களைப் பிழையின்றிக் குறிப்பிடுவது எப்படி?

மாதிரிக் காரைப் பற்றி எழுதும்போது முதலில் அளவு விகிதத்தைக் குறிப்பிடுங்கள். 1:18 என்றால் அசல் காரின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு, ஆகவே 4.5 மீட்டர் நீளமுள்ள கார் அதில் 25 சென்டிமீட்டராகவும், 1:43-இல் ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டராகவும் அமையும். பின்னால் வரும் எண் கூடக்கூட மாதிரி சிறுத்துக்கொண்டே போவதால், 'பெரிய விகிதம்' என்று மட்டும் எழுதினால் 1:18-ஐச் சொல்கிறீர்களா, 1:64-ஐச் சொல்கிறீர்களா என்ற வாக்குவாதம் எழும்; எண்ணையே எழுதிவிடுங்கள்.

'டைகாஸ்ட்' என்பது உருக்கிய உலோகத்தை, பெரும்பாலும் துத்தநாகக் கலவையை, அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் முறையின் பெயராகும். ஆகவே ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினில், வார்த்த காரை அப்படி அழைப்பது பிழை. 'இரண்டு டைகாஸ்ட்கள்' என்ற பன்மையைச் சிலர் ஏற்பதுண்டு. என் காதுக்கு 'இரண்டு டைகாஸ்ட் கார்கள்' என்பதே இயல்பாக ஒலிக்கிறது.