மீன்பிடிக்க லூர் வீசும்போது தூண்டில் நரம்பு கொத்தாகச் சிக்கினால்

5 கிராம் லூரை (செயற்கை இரையை) வீசும்போதெல்லாம் பிரெய்டு (இழைகளைப் பின்னிய) நரம்பு, ரீலில் அதைச் சுற்றிவைக்கும் ஸ்பூலிலிருந்து கொத்தாகக் கழன்று ராடின் (தூண்டில் கோலின்) முதல் வளையத்தில் சிக்கியது. பழி ராடு மேல்தான் விழும்; ஆனால் 3–12 கிராமுக்கான 7 அடி ராடும் 2500 அளவு ரீலும் இதற்குத் தாராளம். கோளாறு நரம்பைச் சுற்றிய விதத்தில்.

ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கும்வரை நரம்பை உருவி வெட்டினேன். மிச்சத்தை ஈரத்துணியில் அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்றினேன். அடியில் சில சுற்று நைலான் இருக்கட்டும். இல்லையென்றால் பிரெய்டு மொத்தமாக வழுக்கும், டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டதென்று நினைப்போம்.

வீசியதும் பெயிலை (ஸ்பூலுக்கு மேல் மடங்கும் கம்பியை) கையால் மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தொய்வு உள்ளே போய்ப் படியும், அடுத்த வீச்சில் அதுதான் கொத்து.

பிரெய்டின் பலம் 10 பவுண்டுக்கு மேல் வேண்டாம். லூர் தூரம் போகாது. நுனியில் அரை மீட்டர் 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு, கொடுவா இருக்கும் கழிமுகமென்றால் 25.