அட்டைத் தேதியை நம்பாதீர்கள்: பழைய அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களைப் பற்றி எழுதும்போது வரும் தவறுகள்

அசிமோவ், ஹைன்லைன், பிராட்பரி என்றதும் நம் கண்முன் வருவது புத்தக அலமாரிதான். அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி முதலில் வந்தது புத்தகமாக அல்ல. ரயில் நிலையத்திலும் தெருமுனைக் கடையிலும் சில்லறைக் காசுக்கு விற்ற மாத இதழ்களில் வந்தது. அந்த இதழ்களின் வரலாற்றை எழுத்தாளர்களை மட்டும் வைத்துச் சொல்லப் போனால் பாதிகூடப் பிடிபடாது. எந்த இதழ் பிறந்தது, எது நின்றது என்பதைத் தீர்மானித்தவை தாள் விலை, அச்சகக் கணக்கு, கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விநியோகஸ்தர், விற்காமல் ரிட்டர்ன் வரும் பிரதிகள். நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு. 'அஸ்டவுண்டிங்' என்ற இதழ் 1930 ஜனவரியில் தொடங்கியது. பெரிய கனவோடு யாரோ தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அதன் முதல் ஆசிரியர் ஹாரி பேட்ஸ் பிற்பாடு சொன்ன காரணம் வேறு. அவருடைய முதலாளி வில்லியம் கிளேட்டனிடம் அப்போது 13 இதழ்கள் இருந்தன. வண்ண அட்டைகளை எல்லாம் ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடிப்பார்கள். அந்தத் தாளில் 16 அட்டைகளுக்கு இடம் உண்டு. மூன்று கட்டம் மாதாமாதம் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே இன்னும் மூன்று இதழ்களின் அட்டையைச் சேர்த்தால் அச்சுச் செலவு பெரிதாகக் கூடாது. ஓர் அறிவியல் புனைகதை இதழ் தொடங்கலாம் என்ற யோசனைக்கு அந்த வெற்றுக் கட்டம் இடம் கொடுத்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்தத் துறையையே வழிநடத்திய இதழ் அது.

எல்லாவற்றையும் 'பல்ப்' என்பது

பல்ப் என்பது கதையின் தரத்தைக் குறிக்கும் சொல் அல்ல, தாளையும் அளவையும் குறிக்கும் சொல். மலிவான மரக்கூழ்த் தாள், ஏறத்தாழ ஏழு அங்குல அகலம், பத்து அங்குல உயரம், வெட்டாத கரடுமுரடான ஓரம். அதைவிடச் சிறிய, கையடக்கமான டைஜஸ்ட் அளவு வேறு வகை. 'அஸ்டவுண்டிங்' 1943 நவம்பரிலேயே டைஜஸ்ட் அளவுக்கு மாறிவிட்டது. போர்க்காலத் தாள் தட்டுப்பாடு அதற்கு ஒரு பெரிய காரணம். 1950 அக்டோபரில் தொடங்கிய 'கேலக்ஸி' பிறக்கும்போதே டைஜஸ்ட். அதைப் பல்ப் என்று எழுதுவது நேர்ப் பிழை. 'அமேசிங் ஸ்டோரீஸ்' 1953-ல் மாறியது. 'பிளானட் ஸ்டோரீஸ்', 'ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்' இரண்டும் மாறவே இல்லை; பல்ப் இதழ்களாகவே 1955-ல் நின்றன. அளவைக் கவனித்தால்தான் யார் பிழைத்தார்கள், ஏன் பிழைத்தார்கள் என்ற கேள்வியே எழும்.

அட்டையில் இருக்கும் மாதம்

இந்தத் தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அட்டையில் அச்சிட்ட மாதம் இதழ் வெளிவந்த மாதம் அல்ல. கடைக்காரர் அந்த இதழை எதுவரை வைத்து விற்கலாம் என்பதற்கான அடையாளம் அது. மார்ச் என்று போட்ட இதழ் பிப்ரவரியிலேயே கடைக்கு வந்துவிடும். தேதி பழசாகிவிட்டால் கடைக்காரர் அதை எடுத்துவிடுவார், அட்டையை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வார். அதனால் பதிப்பாளர்கள் தேதியை முன்னே தள்ளியே போட்டார்கள்.

இது வெறும் நுணுக்கம் இல்லை என்பதற்குச் சாட்சி 1944 மார்ச் இதழ். கிளீவ் கார்ட்மில் எழுதிய ஒரு கதை 'அஸ்டவுண்டிங்'கின் அந்த இதழில் வந்தது. யுரேனியம் 235-ஐக் கொண்டு செய்யும் குண்டு பற்றிய கதை. அமெரிக்க அரசு உண்மையாகவே அணுகுண்டு செய்துகொண்டிருந்த நேரம் அது, பரம ரகசியம். மார்ச் தொடக்கத்திலேயே ராணுவ உளவுப் பிரிவு ஆசிரியர் ஜான் கேம்பெல்லைத் தேடி வந்துவிட்டது. தகவல் அனைத்தும் ஏற்கெனவே அச்சான அறிவியல் கட்டுரைகளிலிருந்து எடுத்ததுதான் என்று கேம்பெல் விளக்க வேண்டியிருந்தது. அட்டையை அப்படியே நம்பினால் இதழ் வந்த சில நாளில் அதிகாரிகள் பாய்ந்து வந்ததாகக் கதை எழுதத் தோன்றும். உண்மையில் அந்த இதழ் அதற்குச் சில வாரங்கள் முன்பே கடைகளில் கிடந்தது.

இதோடு ஒட்டிய இன்னொரு சறுக்கல்: ஆசிரியர் மாறிய மாதத்தில் இதழும் மாறியதாக எழுதுவது. கேம்பெல் 1937 அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தார். முந்தைய ஆசிரியர் டிரெமெய்ன் வாங்கி வைத்திருந்த கதைகள் அதற்குப் பிறகும் பல மாதம் வந்துகொண்டிருந்தன. 'அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்' என்ற பெயரின் பின்பாதியை 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று மாற்றியது 1938 மார்ச் இதழில். பொற்காலம் என்று பலரும் குறிப்பது 1939 ஜூலை இதழிலிருந்து. சேர்ந்தது, இருப்பு தீர்ந்தது, பலன் தெரிந்தது என்ற மூன்றும் தனித்தனித் தேதிகள்.

புத்தக ஆண்டை முதல் வெளியீட்டு ஆண்டாக எழுதுவது

அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1951-ல் வந்தது என்று எழுதினால் புத்தகத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் அந்தத் தொடரின் கதைகள் 'அஸ்டவுண்டிங்'கில் 1942 மே இதழிலிருந்து 1950 ஜனவரி இதழ் வரை வந்தவை. நோம் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம் அவற்றைத் தொகுத்தபோது முதல் பகுதியை அசிமோவ் புதிதாக எழுதிச் சேர்த்தார். ஆகவே புத்தகத்தின் தொடக்க அத்தியாயம்தான் அந்த இதழ்க் கதைகள் எல்லாவற்றுக்கும் பிறகு எழுதப்பட்டது. இது தெரியாமல் 'அசிமோவ் இந்த அத்தியாயத்திலிருந்து வளர்ந்தார்' என்று விமர்சனம் எழுதினால் வாதமே தலைகீழாகிவிடும். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதியதையும் கொரியப் போர்க் காலத்தில் சேர்த்ததையும் ஒரே மூச்சில் எழுதியதாக வாசிப்பது பெரிய நஷ்டம்.

பெயர் ஒன்று, இதழ் வேறு

'அமேசிங் ஸ்டோரீஸ்' 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கியது. 1929-ல் அவருடைய நிறுவனம் திவாலானது, இதழ் கைமாறியது. 1938-ல் ஜிஃப்-டேவிஸ் நிறுவனம் வாங்கியதும் ஆசிரியர் நாற்காலியில் 86 வயது ஸ்லோன் இருந்த இடத்துக்கு 27 வயது ரே பால்மர் வந்தார். அலுவலகமும் சிகாகோவுக்குப் போனது. பெயர் மட்டும் அதே. இதை ஒரே இதழின் தொடர்ந்த பயணமாக எழுதினால், 'அமேசிங் இப்படித்தான்' என்று எந்த வாக்கியம் எழுதினாலும் பாதி பொய்யாகும்.

இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கொலம்பியா பப்ளிகேஷன்ஸ் நடத்திய 'ஃபியூச்சர்' இதழ் 1939-லிருந்து 1943-க்குள் பெயரைத் திரும்பத் திரும்ப மாற்றியது. பிறகு 1955 ஜனவரியில் அதே நிறுவனத்தின் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டோரீஸ்' இதழ், 'ஃபியூச்சர்' விட்ட தொகுதி எண்ணை எடுத்துக்கொண்டு ஐந்தாம் தொகுதி, நான்காம் எண் என்று வந்தது. எண்ணைப் பறிகொடுத்த 'ஃபியூச்சர்' அதன்பின் 28 என்ற வெறும் இதழ் எண்ணோடு மறுபடி கிளம்பியது. அட்டையை மட்டும் பார்த்து அட்டவணை போட்டால் இங்கே நிச்சயம் இடறுவீர்கள். பொருளடக்கப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும்: பதிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி, எண், அஞ்சல் பதிவு விவரம். கதைக்கு முன்னால் அதைப் படியுங்கள். ஆண்டுக்கொருமுறை உரிமையாளர் யார் என்ற அறிக்கையும் உள்ளே அச்சாகியிருக்கும், 1912-ம் ஆண்டுச் சட்டம் கேட்டதால். அலங்காரமான எந்த நினைவுக் குறிப்பையும்விட அந்த இரண்டு துண்டுகளும் எனக்குப் பெரிய பொக்கிஷம்.

பெயர்களை எண்ணிக் கணக்குச் சொல்வது

ஓர் இதழில் எட்டுப் பெயர் இருந்தால் எட்டு எழுத்தாளர் என்று கணக்கிட முடியாது. 1942-ல் ஆன்சன் மெக்டொனால்டு என்று வந்தவர் ஹைன்லைனே. லூயிஸ் பேட்ஜெட் என்பது ஹென்றி கட்னரும் அவர் மனைவி சி. எல். மூரும் சேர்ந்து பயன்படுத்திய பெயர். 'அலெக்ஸாண்டர் பிளேடு' போன்றவை நிறுவனத்துக்கே சொந்தமான பெயர்கள், அதன் கீழ் பலர் எழுதினார்கள்.

மூர் ஒரு பெண் என்பதை மறைக்கத்தான் முதலெழுத்துகளைப் போட்டுக்கொண்டார் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். வங்கியில் வேலை பார்த்த அவர், மேல்வருமானம் இருப்பது முதலாளிகளுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்ததாகத்தான் சொல்லியிருக்கிறார். பொருளாதார மந்தக் காலம், வேலை கிடைப்பதே அரிது. லீ பிராக்கெட் தன் சொந்தப் பெயரிலேயே 'பிளானட் ஸ்டோரீஸ்' முழுக்க எழுதிக் குவித்தார். பெண்களுக்குத் தடையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூர் சொன்ன காரணத்தை எடுத்துவிட்டு நமக்குப் பிடித்த காரணத்தை வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பிரிட்டிஷ் பதிப்பை மூலமாக எடுத்துக்கொள்வது

1939 ஆகஸ்டிலிருந்து பிரிட்டனில் 'அஸ்டவுண்டிங்'குக்குத் தனிப் பதிப்பு வந்தது. அதில் அமெரிக்க இதழின் எல்லாக் கதைகளும் இருக்காது, மாதமும் பொருந்தாது. போர்க்காலத்தில் கனடா இறக்குமதியைத் தடுத்ததால் அங்கேயும் தனிப் பதிப்புகள் கிளம்பின. ஸ்கேன் பிரதியைத் திறந்தால் விலை சென்ட்டில் இருக்கிறதா, ஷில்லிங்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிவி கொன்றது, ஸ்புட்னிக் கொன்றது

இதழ்களின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்வதுதான் இருப்பதிலேயே சுலபமான தவறு. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபரில். அறிவியல் புனைகதை இதழ்களின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்தது 1953-ல். சரிவு அதற்கடுத்த ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. இன்னும் முன்னே போனால், அப்போது 'அஸ்டவுண்டிங்'கை நடத்திய ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் 1949-லேயே தன் பல்ப் இதழ்களை எல்லாம் மூடியது; ஏற்கெனவே டைஜஸ்டாகிவிட்ட 'அஸ்டவுண்டிங்' மட்டும் தப்பியது. தொலைக்காட்சியும் மலிவுப் பேப்பர்பேக் புத்தகங்களும் வாசகரை இழுத்தது உண்மைதான்.

ஆனால் பெரிய அடி விழுந்த இடம் கிடங்கு. அமெரிக்கன் நியூஸ் கம்பெனிதான் நாட்டின் மிகப் பெரிய இதழ் விநியோகஸ்தர். அதன் மீது அரசு 1952-ல் ஏகபோக வழக்குத் தொடுத்தது. பெரிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 1957 ஜூனில் அது தேசிய விநியோகத்தையே கைவிட்டது. நம்பியிருந்த சிறு இதழ்கள் வேறு ஏஜென்ட்டுகளின் வாசலில் போய் நின்றன. அவர்களுக்கு விற்பனை குறைந்த இதழ் மேல் அக்கறை இல்லை. 'சாட்டலைட்' என்ற டைஜஸ்ட் இதழ், பெரிய இதழ்களோடு ஒரே வரிசையில் கண்ணில் படவேண்டும் என்று 1959 பிப்ரவரியில் பெரிய அளவுக்கு மாறிப் பார்த்தது. அந்த மே மாதத்தோடு நின்றது. 'இன்ஃபினிட்டி' 1958 நவம்பரில் நின்றது.

பல்ப் அளவில் கடைசியாக எஞ்சியிருந்தது கொலம்பியாவின் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் குவார்ட்டர்லி'. ராபர்ட் லோண்டஸ் மிகக் குறைந்த காசில், கிடைத்த கதைகளை வைத்துக் கவனமாகத் தொகுத்த இதழ். அதன் கடைசி இதழின் அட்டையில் 1958 பிப்ரவரி என்று இருக்கிறது. கடைக்கு அது அதற்கு முன்பே வந்திருக்கும்.