எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 என்றால் உடனே மகிழ வேண்டாம்

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் தோட்டம் ஒன்றில் அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசைக்காகப் பத்து மீட்டர் அலுமினியக் குழாயை ஆன்டெனாவாக நட்டேன். அடியில், சக்கரத்தின் ஆரங்கள்போல் தரையில் விரியும் ரேடியல் கம்பிகள் நான்கே நான்கு. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.1 காட்டியது. ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண் அது; 1 என்றால் முழுப் பொருத்தம். மறுவாரம் டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய வீட்டு ஒயரிங் கம்பியை வெட்டி, ரேடியல்களை 24 ஆக்கினேன். மீட்டர் 1.3க்கு ஏறிவிட்டது. கெடுத்துவிட்டோமே என்று பாதிக் கம்பிகளைப் பிடுங்கக் குனிந்தேன்.

நல்லவேளை, பிடுங்கவில்லை. கால் அலை நீளச் செங்குத்து ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் தடை), குறையற்ற தரையின் மேல் சுமார் 36 ஓம். மண் 14 ஓம் இழப்பைச் சேர்த்தால் மொத்தம் 50. 50 ஓம் கேபிளுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் 100 வாட் அனுப்பினால் 28 வாட் மண்ணைச் சூடாக்கவே போகிறது. இழப்பு 3 ஓமாகக் குறைந்தால் மொத்தம் 39. எஸ்.டபிள்யூ.ஆர். 1.3 ஆகும், ஆனால் 92 வாட் வானத்துக்குப் போகும். நன்றாக எரியாத அடுப்பும் சூடாகத்தான் இருக்கும். சோறு வேகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த தவறு, எர்த் குழியை நம்புவது. உப்பும் கரியும் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் அந்தக் குழி மின்கசிவுக்கும் இடி மின்னலுக்கும் வேண்டியதுதான். ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயில் கிளிப் மாட்டிவிட்டு 'நூறு அடி ஆழ எர்த்' என்று பெருமைப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரேடியோ அலை மின்னோட்டம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதில்லை. மேல்மண்ணிலேயே பரவி ஆன்டெனாவின் அடிக்குத் திரும்புகிறது. அதற்கு எளிதான குறுக்குவழி போடுவதுதான் ரேடியல்களின் வேலை. குழியை இடிக்காக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டவும் மறக்காதீர்கள்.

தரையில் கிடக்கும் ரேடியலின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டுவதும் வீண்வேலை. மண்ணைத் தொட்டதுமே அதன் ஒத்ததிர்வு (நீளம் அதிர்வெண்ணோடு பொருந்தி நிற்பது) குலைந்துவிடுகிறது. அங்கே எண்ணிக்கைதான் பேசும். அறுபது மீட்டர் கம்பி கையில் இருந்தால், பத்து மீட்டரில் ஆறு போடுவதைவிட ஐந்து மீட்டரில் பன்னிரண்டு போடுவேன். 1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் 113 வரை போட்டுப் பார்த்தார்கள். ஒலிபரப்புக் கோபுரங்களின் அடியில் 120 கம்பிகள் புதைக்கும் வழக்கத்துக்கு அதுவே அடிப்படை. நமக்கு 16 முதல் 32 போதும். மேலூர்ப் பக்கம் பாறை தட்டினால் கவலை வேண்டாம், புதைக்காமல் மேலேயே விரித்து ஆணியடித்துவிடலாம்.

மொட்டை மாடியில் கணக்கு தலைகீழ். அங்கே உயர்த்திக் கட்டிய இரண்டு அல்லது நான்கு ரேடியல்கள் போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஒத்ததிர வேண்டும்; 7.1 மெகாஹெர்ட்சுக்குச் சுமார் பத்து மீட்டர். சற்று நீளமாகவே வெட்டி, நானோவிஎன்ஏ என்ற கையடக்க ஆன்டெனா அளவுக் கருவியைப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள். காங்கிரீட்டின் மேல் அப்படியே போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிக் கட்டு அளவைக் குழப்பிவிடும்.

கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக் இல்லாமல் விடுவதும் மாடிக்காரர்களின் வழக்கம். ரேடியல்கள் குறைவாக இருக்கும்போது கேபிளின் உலோக மேலுறை தானே ஒரு ரேடியலாகிவிடுகிறது. ஒலிபெருக்கியில் உறுமல், மைக்கைத் தொட்டால் சுருக்கென்று கடி எல்லாம் அதனால்தான். ஆன்டெனாவின் அடியிலேயே பெரிய ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள், அதுதான் சோக்.

உயர்த்திய ரேடியலின் முனையில் 100 வாட்டுக்கே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், தொட்டால் விரல் பொசுங்கும். என் வீட்டு மாடியில் அது முதலில் இடுப்பு உயரத்தில் இருந்தது. வற்றல் காயப்போட வந்த அம்மா, துணிக்கொடி என்று நினைத்து அதில் ஈரத்துண்டைப் போட்டிருந்தார். நான் அப்போதுதான் மைக்கை எடுத்திருந்தேன், பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. அன்று மாலையே மூங்கில் வாங்கி, நான்கு முனைகளையும் இரண்டரை மீட்டருக்கு ஏற்றினேன்.