அணை மட்டச் செய்தியைக் கடைமடைக்காரர் படிக்கும் முறை

குமரி மாவட்டத்து அணைகளில் பேச்சிப்பாறை 40 அடி, பெருஞ்சாணி 60 அடி என்று செய்தி வந்தால், பெருஞ்சாணியில் தண்ணீர் கூடுதல் என்று அர்த்தமில்லை. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. முழுக் கொள்ளளவில் பேச்சிப்பாறைதான் பெரியது. அணை கிண்ணம் மாதிரி: மேலே ஓர் அடியில் இருக்கும் தண்ணீர் கீழே ஓர் அடியில் இருக்காது. மட்டம் இறங்க இறங்க, அதே அளவு திறந்தாலும் அடி வேகமாகக் குறையும்.

அடியை விட்டுவிட்டு, அணைக்குள் வரும் வரத்தையும் வெளியே விடும் திறப்பையும் பாருங்கள். செய்தியில் ‘கனஅடி’ என்பது வினாடிக்குக் கனஅடி. 1 கனஅடி நாள் முழுக்க ஓடினால் 86,400 கனஅடித் தண்ணீர். வரத்து 600, திறப்பு 700 என்றால் அன்றைக்கு 86.4 லட்சம் கனஅடி குறையும், ஆவியாவது தனி.

மழையே இல்லாமல் பேச்சிப்பாறைக்கு வரத்து கூடினால் குழம்ப வேண்டாம். மேலே கோதையாறு மின்நிலையங்கள் இரண்டு, 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும். மின்சாரம் எடுக்கும் சுழலியைச் (டர்பைன்) சுற்றிய தண்ணீர் கீழே இந்த அணைக்குத்தான் வருகிறது. அதனால் மின்சாரத்துக்குத் தண்ணீர் செலவாகிவிட்டது என்ற புகாரில் பாதிதான் உண்மை: தண்ணீர் தீர்வதில்லை, வரும் நேரம்தான் மாறுகிறது. ஒருநாள் வரத்தை நம்பாமல் ஒரு வாரச் சராசரி எடுங்கள்.

அணையில் திறந்தது உங்கள் ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, அப்படியே வராது. கீழே உள்ள புத்தன் அணையிலிருந்து கால்களாக, அதாவது வாய்க்கால்களாக, பிரிந்து, கசிந்து, மேல்மடைகளில் எடுபட்ட மிச்சம்தான் கடைமடைக்கு. அதை நீங்களே அளக்கலாம். கால் நேராக ஓடும் இடத்தில் 30 அடி அளந்து இரண்டு குச்சி நடுங்கள். பாதி மூழ்கி மிதக்கும் சிறு மரத்துண்டைப் போட்டு, எத்தனை வினாடியில் கடக்கிறது என்று மூன்று தடவை பாருங்கள். 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 1.5 அடி. மேல்தண்ணீர்தான் வேகமாக ஓடும், எனவே 0.85-ஆல் பெருக்குங்கள். அகலம் 4 அடி, சராசரி ஆழம் 1 அடி என்றால் 4 × 1 × 1.275, சுமார் 5 கனஅடி.

1 கனஅடி ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஏக்கரில் ஏறக்குறைய 1 அங்குலம் நிற்கும். ஆக இந்தக் காலில் 10 ஏக்கருக்கு 2 அங்குலம் நிறுத்த நாலு மணி நேரம். காய்ந்து வெடித்த வயலென்றால் இது போதாது. முதல் தண்ணீரை மண்ணே குடித்துவிடும்.

அணையில் திறப்பு மாறாமலே உங்கள் அளவு மட்டும் இறங்கினால் காரணம் காலில்தான் இருக்கும். ஆகாயத்தாமரை, தூர், கலுங்கில் சிக்கிய குப்பை, மேல்மடையில் ஷட்டருக்குக் கீழே வைத்த கல் என மேல்நோக்கி நடந்தே பாருங்கள். நீர்வளத்துறைக்கு மனு கொடுக்கும்போது ‘தண்ணீர் வரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், தேதி, நேரம், அகலம், ஆழம், வினாடி ஆகியவற்றையும், எந்த மடைக்கு மேல் சரியாக ஓடுகிறது என்பதையும் சேருங்கள்.