மருத்துவத் தரவும் ஏஐயும் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களுக்கு மருத்துவத் தரவுப் பகிர்வும் ஏஐயும் சொல்லித்தரும் பயிற்சிகள் இப்போது நிறைய வருகின்றன. பாடத்திட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் முதல் வாரமே நியூரல் நெட்வொர்க்தான், அதாவது தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் ஒரு வகைக் கணினி நிரல். தரவு எங்கிருந்து வந்தது, யார் அனுமதி கொடுத்தார்கள், அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம், நேரம் போதவில்லை என்றால் அதுவும் இல்லை. மற்ற தவறுகளில் பாதி இந்த வரிசையால் வருபவை என்றே நினைக்கிறேன்.

ஆரம்பப் பாடங்களில் அடிக்கடி வரும் பிமா நீரிழிவுத் தரவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிமா பழங்குடியைச் சேர்ந்த 768 பெண்களின் விவரம் அதில் இருக்கிறது. 35 பேருக்கு இரத்த அழுத்தம் 0, 374 பேருக்கு இன்சுலின் 0. உயிரோடு இருக்கிறவருக்கு இரத்த அழுத்தம் எப்படிப் பூஜ்யமாகும்? அளவு இல்லாத இடத்தில் 0 போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் கவனிக்காமல் விட்டாலும் மாடல், அதாவது தரவைப் பார்த்து நோயைக் கணிக்கப் பழகும் நிரல், ஓடும், பார்க்க நல்லதாக ஒரு சதவீதமும் வரும், மாணவரும் சந்தோஷமாகச் சமர்ப்பித்துவிடுவார். அதனால் முதல் வகுப்பில் கோட் எழுதவே விடாதீர்கள். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன மதிப்பு வரலாம், என்ன வரவே கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். மருத்துவ மாணவரும் கணினி மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தப் பூஜ்யம் முதலில் உறுத்துவது பெரும்பாலும் மருத்துவ மாணவருக்குத்தான்.

அடுத்தது, தரவைப் பிரிக்கும் விதம்: ஒரு பகுதி மாடலைப் பழக்க, இன்னொரு பகுதி அது கற்றதைச் சோதிக்க. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் வெளியிட்ட மார்பு எக்ஸ்ரே தொகுப்பில் 1,12,120 படங்கள் இருக்கின்றன, ஆனால் நோயாளிகள் 30,805 பேர்தான். படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப் பிரித்தால் ஒரே ஆளின் எக்ஸ்ரே இரண்டு பக்கமும் போய்விடும், அப்புறம் மாடல் நோயைக் கற்றதா ஆளைக் கற்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. நோயாளி வாரியாகப் பிரிக்க வேண்டும், பிரித்த பிறகே மற்ற வேலைகள். அரிதான நோயின் எண்ணிக்கையைச் செயற்கையாகக் கூட்டிவிட்டு அதற்குப் பிறகு பிரிப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம், ஒரே ஆளின் நகல்கள் இரண்டு பக்கமும் போய்விடும்.

சரி, பிரித்தது ஒழுங்காக இருந்தாலும் மாடல் குறுக்குவழி பிடிக்கும். கொரோனா காலத்தில் சில ஆய்வுகளில் நோய் உள்ளவர்கள் எல்லாம் பெரியவர்கள், நோய் இல்லாதவர்களுக்காகச் சேர்த்த படங்களோ 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுடையவை. அந்த மாடல் கொரோனாவைக் கண்டுபிடித்ததா, வயதைக் கண்டுபிடித்ததா? எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் வைத்துச் செய்த கொரோனா மாடல்களை அலசி 2021-இல் வந்த ஒரு மதிப்பாய்வு, தரச் சல்லடையைத் தாண்டிய 62 ஆய்வுகளில் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படும் நிலையில் இல்லை என்றது. இதை வகுப்பில் தனிப் பாடமாகவே வைக்கலாம். ஒரு மருத்துவமனைத் தரவில் பழக்கி இன்னொரு மருத்துவமனைத் தரவில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண் சரிந்தால் ஏன் என்று அவர்களே தோண்டட்டும்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று சொல்லித்தருவது ஆபத்தான தவறு. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றே தகவல்களால் அமெரிக்கர்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லட்டான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டார். 2019-இல் வந்த ஒரு ஆய்வில், தலையின் எம்ஆர்ஐ படத்திலிருந்து உருவாக்கிய முகத்தை முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தபோது 84 பேரில் 70 பேரைச் சரியாகப் பொருத்திவிட்டது. ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டைகாம் ஃபைலின் தலைப்பில் பெயரை அழித்திருப்பார்கள், படத்தின் மூலையிலேயே அச்சாகி இருக்கும் பெயரை மறந்திருப்பார்கள்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மிமிக் (அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் நோயாளிப் பதிவுகள்) போன்ற தரவைப் பெற மாணவர்கள் ஒரு பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அடுத்த வாரமே கோடில் பிழை வந்தால் பத்து வரித் தரவைப் பொதுச் சாட்பாட்டில் ஒட்டி உதவி கேட்கிறார்கள். அது மூன்றாம் நபருக்குத் தரவைக் கொடுப்பதுதான், ஒப்பந்த மீறல்தான். கேட்க வேண்டுமென்றால் அதே அமைப்பில் பொய்த் தரவு செய்து கேட்கப் பழக்குங்கள்.

பகிர்வு என்றால் ஜிப் ஃபைலை எங்கேயோ ஏற்றி லிங்க் அனுப்புவது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. தரவுப் பகிர்வுக்காக 2016-இல் வெளிவந்த ஃபேர் (FAIR) கொள்கைகள், தரவு கண்டுபிடிக்க, அணுக, மற்றவற்றோடு இணைக்க, மறுபடி பயன்படுத்த ஏற்றதாக இருக்க வேண்டும் என்கின்றன. என்ஐஎச் நிதி கேட்கும் ஆய்வுகளில் தரவு உருவாகுமானால், 2023 ஜனவரி முதல் அதன் மேலாண்மைக்கும் பகிர்வுக்கும் திட்டம் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஆனால் ஃபேரின் நான்கு சொற்களை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வு நடத்துவதில் ஒரு பயனும் இல்லை. ஒரு குழுவின் தரவை இன்னொரு குழுவிடம் கொடுங்கள், கூடவே விளக்கக் குறிப்பு மட்டும், வாய்திறந்து ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. பாலினம் 1, 2 என்றிருக்கிறதே, எது ஆண்? சர்க்கரை அளவு எந்த அலகில்? அப்போதுதான் தெரியும். எக்செல் வழியாகப் போன மரபணுப் பட்டியல் இருந்தால் இன்னும் வேடிக்கை: மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்கள் எல்லாம் தேதியாகிக் கிடக்கும். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

கடைசியாக மதிப்பெண். துல்லியத்துக்குப் போட்டி வைத்தால் மேலே சொன்ன எல்லாத் தவறுக்கும் நீங்களே பரிசு கொடுத்ததாக ஆகும். நூறில் ஒருவருக்கு வரும் நோயில், யாருக்கும் நோய் இல்லை என்று சொல்லும் மாடலுக்கும் 99 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அதற்குப் பதிலாக, பாதி மதிப்பெண்ணை ஒரு குழுவின் தரவையும் கோடையும் மற்ற குழு உதவியின்றி ஓட்டி அதே முடிவைப் பெற முடிந்ததா என்பதற்குக் கொடுங்கள், மீதியைத் தரவில் கண்டுபிடித்த கோளாறுகளுக்கு.