'லைக்' வந்தால் சிமிலியா? ஃபிகர் ஆஃப் ஸ்பீச்சில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர்ப் பிள்ளையின் இங்கிலீஷ் விடைத்தாளை எடுத்தாலும் ஒரு தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பாட்டு வரி ஒன்றைக் கொடுத்து இதில் என்ன ஃபிகர் ஆஃப் ஸ்பீச், அதாவது என்ன அணி என்று கேட்டால், வரியைப் படிக்காமல் 'லைக்' இருக்கிறதா, 'ஆஸ்' இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இருந்தால் சிமிலி (உவமை), இல்லாவிட்டால் மெட்டஃபர் (உருவகம்), முடிந்தது வேலை. இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதித் தவறு காணாமல் போய்விடும், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'மை சிஸ்டர் லுக்ஸ் லைக் மை மதர்.' லைக் இருக்கிறது, ஆனால் சிமிலி இல்லை. அக்காவுக்கு அம்மா ஜாடை, அவ்வளவுதான், அது உள்ளதை உள்ளபடி சொன்ன வாக்கியம். 'கோபி இஸ் ஆஸ் ஹாட் ஆஸ் ஈரோடு' என்பதும் அப்படித்தான், இரண்டு ஊர் வெயிலை அளந்து சொல்கிறது. 'ஹி வொர்க்ஸ் ஆஸ் எ டிரைவர்' என்பதில் ஒப்பீடே கிடையாது, அவர் நிஜமாகவே டிரைவர். ஆனால் 'தி ரோடு வாஸ் லைக் எ ஹாட் தவா' என்று எழுதினால் அது சிமிலி, ஏனென்றால் ரோடும் தோசைக்கல்லும் இரண்டு வேறு வகைப் பொருள், சூடு ஒன்றுதான் இரண்டையும் சேர்க்கிறது. வேறு வேறு வகையான இரண்டு பொருளுக்கு நடுவே ஒரு பொதுத் தன்மை, அதை வெளிப்படையாக ஒப்பிட ஒரு சொல். இது எல்லாம் இருந்தால்தான் சிமிலி. அந்தச் சொல் லைக், ஆஸ் ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, 'தி ஹில் ரிசெம்பிள்ட் எ ஸ்லீப்பிங் எலிஃபன்ட்' என்பதும் சிமிலிதான்.

இப்போது இந்த வரியைப் பாருங்கள்: 'தி நொய்யல் வெப்ட் ஆஸ் இட் பாஸ்ட் திருப்பூர்.' திருப்பூரைக் கடக்கும்போது நொய்யல் அழுதது. இதைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் பாதிப்பேர் சிமிலி என்பார்கள். "ஏனுங்க மிஸ், ஆஸ் இருக்குதுங்களே?" என்று கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஆஸ் 'போல' அல்ல, 'போது'. நொய்யலை எதோடும் ஒப்பிடவில்லை, ஆறு அழுகிறது என்று மனிதச் செயலை அதற்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே பர்சானிஃபிகேஷன். சாயக்கழிவு அந்த ஆற்றை என்ன பாடு படுத்தியது, அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு எப்படித் தேங்கி நின்றது என்று தெரிந்த பிள்ளைக்கு இந்த வரி இன்னும் நன்றாகப் பிடிபடும். பொருள் புரிந்தால் அணி தானாகவே தெரியும், அணியை மட்டும் தேடினால் இரண்டும் கைக்கு வராது.

அதே ஆற்றை 'தி நொய்யல் இஸ் அன் ஓல்டு உமன்' என்று எழுதினால்? மெட்டஃபர். இது இன்னொன்று என்று நேரடியாகச் சொல்லிவிட்டோம். மனுஷி என்று சொன்னதால் பர்சானிஃபிகேஷன் என்றும் சிலர் எழுதுவார்கள், அதை முழுத் தவறு என்று அடித்துவிட முடியாது, இரண்டும் உரசிக்கொள்ளும் இடம் அது. அப்புறம், மெட்டஃபர் எப்போதும் 'இஸ்', 'வாஸ்' வைத்துத்தான் வரும் என்று நினைக்கக் கூடாது. 'தி நியூஸ் ஃப்ளூ த்ரூ தி வில்லேஜ்' என்பதில் சேதியைப் பறவை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் 'பறந்தது' என்ற வினைக்குள்ளேயே உருவகம் உட்கார்ந்திருக்கிறது.

பர்சானிஃபிகேஷனைத் தமிழில் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதிக் கொடுக்கும் கைடுகளையும் பார்க்கிறேன். தற்குறிப்பேற்றம் என்பது இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தன் மனதில் உள்ள காரணத்தை ஏற்றிச் சொல்வது. மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடியதை, கோவலனை 'வராதே' என்று தடுத்ததாகச் சொன்னாரே இளங்கோவடிகள், அது. ஆறு அழுதது, காற்று பாடியது என்று சும்மா சொல்வதெல்லாம் அதில் அடங்காது.

ஓசை சார்ந்த அணிகளில் வரும் சிக்கல் வேறு மாதிரி. பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது அலிட்டரேஷன். அதற்கு எழுத்து முக்கியமில்லை, ஒலிதான் முக்கியம். 'சிட்டி'யும் பூனையைச் சொல்லும் 'கேட்'டும் இங்கிலீஷில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு, ஆகவே அலிட்டரேஷன் இல்லை. கத்தியைச் சொல்லும் 'நைஃப்', இரவைச் சொல்லும் 'நைட்' இரண்டும் வேறு வேறு எழுத்தில் தொடங்குகின்றன, ஆனால் அலிட்டரேஷன் உண்டு. சந்தேகம் வந்தால் ஓரத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரே எச்சரிக்கை: 'பென்', 'பாய்' இரண்டுக்கும் தமிழில் 'ப'தான் வரும், இங்கிலீஷில் அவை வெவ்வேறு ஒலி. அதே மாதிரி நம் மோனையில் ம-வுக்கு வ இனமாக வரலாம், ச-வுக்குத் த வரலாம். இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது, 'மூன்', 'வாட்டர்' சேர்ந்தால் அலிட்டரேஷன் ஆகாது. ரைம் என்றதும் எதுகை என்று எழுதுவதும் வேண்டாம், எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது, வரியின் கடைசியில் ஒத்து ஒலிக்கும் ரைமுக்குப் பக்கத்தில் நிற்பது இயைபு.

ஒனோமாட்டோபியா என்றால் ஒலியை அப்படியே காட்டும் சொல்: தேனீயின் 'பஸ்', பாம்பின் 'ஹிஸ்', உலோகத்தின் 'கிளாங்'. 'லவுட்', 'நாய்ஸ்' எல்லாம் ஒலியைப் பற்றிய சொற்கள் மட்டுமே. இரட்டைக்கிளவிதான் இது என்று சொல்லித் தருவதும் சரியல்ல, சலசல சரி, பளபள-வில் என்ன சத்தம் கேட்கிறது?

பெரிய எண்ணைப் பார்த்தவுடன் ஹைப்பர்போலி, அதாவது மிகைப்படுத்திச் சொன்னது என்று எழுதுபவர்களும் உண்டு. பவானிசாகர் அணை 105 அடி, 32.8 டி.எம்.சி. என்றால் அது தகவல். 'ஐ ஹேவ் டோல்டு யூ எ தவுசண்ட் டைம்ஸ்' என்று அம்மா சொன்னால் அது ஹைப்பர்போலி.

மெட்டானமி, சினெக்டகி என்றாலே பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நாம் இவற்றை ஆகுபெயர் என்று ஏற்கெனவே படித்துவிட்டோம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே சொல்வார்கள், அவர் ஆகுபெயரை வகை பிரித்தே வைத்திருக்கிறார். தலைக்கு நூறு ரூபாய் என்கிறோமே, அது சினையாகுபெயர், உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு ஆகி வருகிறது. இங்கிலீஷில் 'ஃபைவ் மவுத்ஸ் டு ஃபீட்' என்பது அதே வேலையைச் செய்யும் சினெக்டகி. 'டெல்லி ஹேஸ் டிசைடட்' என்றால் ஊர் முடிவெடுக்கவில்லை, அங்கே இருக்கும் அரசு எடுத்தது. இடவாகுபெயர், அதாவது மெட்டானமி. உறுப்பாக இருந்தால் சினெக்டகி, தொடர்பு மட்டும் இருந்தால் மெட்டானமி என்று பிரித்துக்கொண்டால் பள்ளி அளவுக்குப் போதும்.

விடை எழுதும்போது பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நேரம் இருந்தால் எந்தச் சொல்லில் அணி இருக்கிறது, எதை எதோடு சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். ஒரே வரியில் இரண்டு அணி இருப்பதும் சகஜம். கேள்வி எந்தச் சொல்லை அடிக்கோடிட்டிருக்கிறதோ அதற்கு உரியதை எழுதுங்கள். எழுத்துக்கூட்டலையும் வீட்டிலேயே எழுதிப் பழகிவிடுங்கள், முக்கியமாக ஒனோமாட்டோபியா: ஓ, என், ஓ, எம், ஏ, டி, ஓ, பி, ஓ, இ, ஐ, ஏ.